கன்ட்ரோல் பைட் தொலையாமல் ரேடியோவின் சீரியல் தரவை ஈதர்நெட்டில் அனுப்புவது எப்படி?

கேள்வி இது: ரேடியோவிலிருந்து ஆர்எஸ்-232 (சீரியல் கேபிளின் தரநிலை) வழியாக வரும் பைட்களை ஈதர்நெட் பாக்கெட்டுகளாக்கி அனுப்பி, மறுமுனையில் மறுபடி சீரியலாகவே வெளியே விட வேண்டும். செய்து பார்த்ததில் சாதாரண எழுத்துகள் ஒழுங்காகப் போகின்றன. கன்ட்ரோல் கேரக்டர்களில் (எழுத்தாக அச்சாகாமல் கட்டளையாகப் பயன்படும் பைட்களில்) சில மறைகின்றன, சில வேறொன்றாக மாறுகின்றன, சில சமயம் இணைப்பே உறைந்துவிடுகிறது. அவற்றை எஸ்கேப் செய்து (வேறு பைட்களாக மாற்றி எழுதி) அனுப்பலாமா, இல்லை மொத்தத்தையும் பேஸ்64 (வெறும் சாதாரண எழுத்துகள்) ஆக்கிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். ஈதர்நெட், ஐபி, டிசிபி, யூடிபி எதுவுமே தான் சுமக்கும் பைட்டின் மதிப்பைப் பார்ப்பதில்லை. 0 முதல் 255 வரை எதைக் கொடுத்தாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் பைட்கள் தொலைவது நெட்வொர்க்கின் இரு கரையிலும் இருக்கும் சீரியல் போர்ட்டில்தான். பேஸ்64 ஆக்கும் நிரலின் கைக்கு வருவதற்கு முன்பே அந்த பைட் போய்விட்டிருக்கும். பிறகு எப்படிச் சுற்றிக் கட்டினாலும் திரும்பாது. உறுதிசெய்ய வேண்டுமானால் வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு நிரலில் ஒரு பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். கம்பியில் பைட் சரியாக இருந்தால் தவறு பெறும் முனையில். கம்பியிலேயே இல்லை என்றால் அனுப்பும் முனையில். தேட வேண்டிய இடம் அப்போதே பாதியாகக் குறைந்துவிடும்.

(இந்தப் பதிலில் பைட்களைத் தசம எண்ணில் எழுதுகிறேன். ஹெக்ஸ் தேவைப்படும் இடத்தில் அப்படிச் சொல்லிவிடுகிறேன்.)

லினக்ஸில் ஒரு சீரியல் போர்ட்டைத் திறந்தால், மறுபக்கம் ஒரு மனிதர் டெர்மினலில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார் என்றே கெர்னல் எடுத்துக்கொள்கிறது. 3 வந்தால் 'நிரலை நிறுத்து', 4 வந்தால் 'உள்ளீடு முடிந்தது', 19 வந்தால் 'அனுப்புவதை நிறுத்து', 17 வந்தால் 'தொடரலாம்', 22 வந்தால் 'அடுத்து வருவதை அப்படியே எடு'. 13 வந்தால் 10 ஆக மாற்றிக் கொடுக்கும். வெளியே போகும் 10-ஐ 13, 10 என்று இரண்டாக்கும். மனிதருக்கு இவையெல்லாம் வசதி. ரேடியோவுக்கு ஒவ்வொன்றும் ஆபத்து.

ஆகவே எந்த பைட் போகிறது என்று பார்த்தாலே யார் எடுத்தது என்று தெரிந்துவிடும். 17-ம் 19-ம் மட்டும் காணோம் என்றால் சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல், அதாவது 'நிறுத்து', 'தொடரலாம்' என்பதை பைட்களாலேயே சொல்லும் முறை. 13-க்குப் பதில் 10 வருகிறது என்றால் டெர்மினலின் வரி மாற்றம். 127-க்கு மேற்பட்டவை எல்லாம் 128 குறைந்து வருகின்றன என்றால் எங்கோ 7 பிட் அமைப்பு. 255 இரட்டிக்கிறது, 13-க்குப் பின்னால் ஒரு 0 முளைக்கிறது என்றால் நடுவில் யாரோ டெல்நெட் (தூரத்துக் கணினியின் டெர்மினலுக்கான பழைய நெறிமுறை) பேசுகிறார்கள். 0 வந்த இடத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது என்றால் அது சி மொழி நிரல்களில் வழக்கமாக வரும் பிழை: பைட்களை எழுத்துச் சரமாகக் கையாண்டிருப்பார்கள். விண்டோஸில் கோப்பை டெக்ஸ்ட் முறையில் திறந்திருந்தால் 26-ல் நின்றுவிடும். போர்ட் அமைப்பில் 'நல் (0) பைட்டை விட்டுவிடு' என்ற கொடி (ஆன்/ஆஃப் அமைப்பு) இருந்தால் 0 மட்டும் மறையும்.

ரேடியோவில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். ஐகாம் ரேடியோக்களின் சிஐ-வி நெறிமுறையில் ஒவ்வொரு கட்டளையும் 254, 254 என்று தொடங்கி 253-ல் முடியும். அலைவரிசை எண் நடுவே பிசிடி முறையில், அதாவது பைட்டுக்கு இரண்டு இலக்கமாக, கடைசி இலக்கங்கள் முதலில் வரும்படி போகும். 14.130 மெகாஹெர்ட்ஸ் என்றால் 10 இலக்கங்களில் 0014130000. அது ஹெக்ஸில் 00, 00, 13, 14, 00 என்று கம்பியில் வரும். ஹெக்ஸ் 13 என்பது தசமத்தில் 19, அதாவது எக்ஸ்-ஆஃப் எனப்படும் 'நிறுத்து' பைட். போர்ட்டில் சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருந்தால், ரேடியோ 'நான் 14.130-ல் இருக்கிறேன்' என்று சொன்ன அந்த நொடியில் கணினி ரேடியோவுக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். 14.120-ல் எல்லாம் சரியாக இருந்திருக்கும். டயலைத் திருப்பி 14.110 பக்கம் வந்தால், ரேடியோ தானாகவே அலைவரிசையை அறிவிக்கும்படி வைத்திருந்த பட்சத்தில், ஹெக்ஸ் 11 வரும். அது எக்ஸ்-ஆன் எனப்படும் 'தொடரலாம்' பைட், இணைப்பு உயிர் பெறும். ஆனால் அந்தச் செய்தியில் ஒரு பைட் குறைந்திருக்கும். இதைப் பார்ப்பவர் ரேடியோவை, கேபிளை, ஸ்விட்சை எல்லாம் சந்தேகிப்பார். அலைவரிசை எண்ணைச் சந்தேகிக்கத் தோன்றாது.

பாக்கெட் ரேடியோவில் இன்னும் நேரடியாகவே மாட்டும். அதன் நெறிமுறையான ஏஎக்ஸ்.25-ன் யூஐ ஃபிரேமில் (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் செய்தி) கன்ட்ரோல் புலத்தின் மதிப்பு 3. ஏபிஆர்எஸ் (இருப்பிடம் போன்றவற்றை அறிவிக்கும் அமெச்சூர் ரேடியோ முறை) பாக்கெட்டுகள் எல்லாம் யூஐ ஃபிரேம்கள்தான், ஆக ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு 3 உண்டு. டெர்மினல் முறையில் திறந்த போர்ட்டில் அந்த 3 'இன்டரப்ட்' ஆகிவிடும். அந்த பைட் போவது மட்டுமல்ல, அதுவரை படிக்கப்படாமல் காத்திருந்த பைட்களையும் கெர்னல் துடைத்துவிடும். மோட்பஸ் ஆர்டியூவை (தொழிற்சாலைச் சாதனங்களின் சீரியல் நெறிமுறை) ரேடியோ மோடம் வழியாக ஓட்டுபவர்களுக்கும் அதே கதை: ரெஜிஸ்டர் படிக்கும் ஃபங்ஷன் கோடு 3, முகவரி 17 அல்லது 19 கொண்ட சாதனம் மட்டும் பதில் தராமல் அடம்பிடிக்கும்.

தீர்வு, போர்ட்டை ரா முறையில், அதாவது பைட்களை எதுவும் செய்யாமல் அப்படியே விடும் முறையில் திறப்பது. லினக்ஸில் அதற்கென்றே சிஎஃப்மேக்ரா என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மேலே சொன்ன மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்து, 8 பிட்டாக்கிக் கொடுக்கும். 'ஏறக்குறைய' என்று சொல்லக் காரணம் உண்டு. அது ஐஎக்ஸ்ஆன் கொடியை அணைக்கும். ஐஎக்ஸ்ஆஃப் கொடியைத் தொடாது. முதலாவது, வரும் 19-க்குக் கீழ்ப்படிவது. இரண்டாவது, நம் உள்ளீட்டு பஃபர் நிறையும்போது கெர்னலே ஒரு 19-ஐ ரேடியோவுக்கு அனுப்புவது. அதாவது பைட் காணாமல் போவதற்குப் பதில், நீங்கள் அனுப்பாத பைட் உங்கள் தரவின் நடுவே நுழையும், அதுவும் போக்குவரத்து அதிகமான நேரத்தில் மட்டும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இது வெளிப்படவே வெளிப்படாது. இரண்டு கொடிகளையும் கையால் அணைத்துவிட்டு, ஃப்ளோ கன்ட்ரோல் தேவையென்றால் 'அனுப்பலாமா', 'அனுப்பு' என்று சொல்லும் தனிக் கம்பிகளான ஆர்டிஎஸ்/சிடிஎஸ்-ஐப் பயன்படுத்துங்கள். மூன்றே கம்பிகள்தான், எக்ஸ்-ஆன் இல்லாமல் ரேடியோ இயங்காது என்றால், அந்தச் சீரியல் துண்டில் மட்டும் 17, 19-ஐ எஸ்கேப் செய்யலாம். சீரியல் இணைப்பில் இணையம் ஓட்டும் பிபிபி நெறிமுறை செய்வது இதைத்தான்: எஸ்கேப் செய்ய வேண்டிய கன்ட்ரோல் பைட்களை 32 பிட் வரைபடமாக இரு முனையும் பேசி முடிவு செய்கின்றன. ஆனால் ரேடியோவுக்கும் அந்த எஸ்கேப் மொழி புரிய வேண்டும். புரியாத ரேடியோவிடம் அது செல்லாது.

அடுத்து, எதன் மேல் அனுப்புவது. டெல்நெட் வேண்டாம். 1983-ல் வந்த ஆர்எஃப்சி 854-ன்படி (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறை ஆவணங்கள்) 255 என்பது டெல்நெட்டின் கட்டளைத் தொடக்கம். தரவில் 255 இருந்தால் இரண்டாக்கி அனுப்ப வேண்டும். இரண்டு முனையும் டெல்நெட் என்றால் பிரச்சினை இல்லை. ஒரு முனை டெல்நெட், மறுமுனை வெறும் டிசிபி என்று அமைந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உரையை மட்டும் வைத்துச் சோதித்தால் பெரும்பாலும் கண்ணில் படாது. தூரத்திலிருந்து பாட் வேகத்தை (கம்பியில் வினாடிக்கு எத்தனை பிட்) மாற்றவோ, 'நான் தயார்' என்று சொல்லும் டிடிஆர் கம்பியை ஏற்றி இறக்கவோ வேண்டியிருந்தால், 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2217 அதற்கென்றே இருக்கிறது. அதுவும் டெல்நெட்டின் மேல் கட்டியதுதான், ஆகவே 255 இரட்டிப்பு அங்கேயும் உண்டு. அந்தத் தேவை இல்லாதவர்கள் வெறும் டிசிபி, அல்லது யூடிபி.

இவ்விரண்டில் எது? செய்தி தொலைந்தால் மறுபடி கேட்கும் ஏற்பாடு ரேடியோ நெறிமுறையிலேயே இருந்தால், உள் நெட்வொர்க்கில் யூடிபியே மேல் என்பேன். மோட்பஸ் மாஸ்டர் காத்திருந்து, நேரம் கடந்து, மறுபடி கேட்டுவிட்ட பிறகு டிசிபி பழைய பதிலைக் கொண்டுவந்து கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். மாறாக, ஒருவழியாக ஓடிக்கொண்டே இருக்கும் டெலிமெட்ரி, அதில் ஒரு பைட்டும் போகக்கூடாது என்றால் டிசிபி. அதில் நேகிள் அல்காரிதத்தை நோடிலே விருப்பத்தால் அணைத்துவிடுங்கள். 1984-ல் ஆர்எஃப்சி 896-ல் வந்த அந்த ஏற்பாடு, சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்புவதற்காக, முந்தையதற்கு ஒப்புகை வரும்வரை நிறுத்திவைக்கும். மறுமுனை ஒப்புகையைத் தாமதித்து அனுப்பும் வழக்கமுடையது. இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகூட வீணாகலாம்.

டிசிபி பற்றி ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்: அதற்குப் பாக்கெட் எல்லை கிடையாது. நீங்கள் 20 பைட்டாக எழுதியது மறுமுனையில் 7-ம் 13-ம் ஆக வரலாம், அடுத்த செய்தியோடு ஒட்டியும் வரலாம். எல்லை வேண்டுமென்றால் முன்னால் 2 பைட்டில் நீளத்தை வையுங்கள். டிசிபி நடுவில் பைட்டைத் தொலைக்காது என்பதால் நீளம் மட்டுமே போதும், எஸ்கேப் எதுவும் தேவையில்லை. யூடிபியில் பாக்கெட்டே எல்லை, நீளமும் தெரியும். அங்கே தேவை வரிசை எண்.

என் பரிந்துரை, ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் இப்படி ஒரு சிறு தலைப்பு (ஹெடர்): சேனல் 1 பைட், வகை 1 பைட், வரிசை எண் 2 பைட், பிறகு தரவு. வகை என்ற அந்த ஒரு பைட்டில்தான் கன்ட்ரோல் பற்றிய உங்கள் கவலையின் மீதிப் பாதி தீர்கிறது. ஏனென்றால் சீரியல் கம்பியில் பைட்டாக இல்லாத கன்ட்ரோலும் உண்டு. பிரேக் என்பது பைட் அல்ல, கம்பியை ஒரு பைட் நேரத்துக்கும் மேலாக 0 நிலையில் பிடித்துவைப்பது. கேரியர் இருக்கிறது என்று சொல்லும் டிசிடி ஒரு தனிக் கம்பி. பிடிடி-யை (டிரான்ஸ்மிட்டரை இயக்கும் சைகை) ஆர்டிஎஸ் கம்பியால் இயக்கும் அமைப்புகள் ஏராளம். பாரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) பிழையோடு வந்த பைட்டும் ஒரு செய்திதான். இவற்றை எல்லாம் தரவுக்குள் ஏதாவது மாயக் குறியாகச் செருகினால், தரவில் அதே குறி வரும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். வகை 0 என்றால் தரவு, 1 என்றால் கம்பி நிலை, 2 என்றால் பிரேக், 3 என்றால் பிழை என்று பிரித்துவிட்டால் தரவின் ஒரு பைட்டையும் தொட வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலிடமிருந்து பிரேக்கையும் பிழையையும் வாங்க பார்எம்ஆர்கே கொடி உதவும். அப்போது பிழை பைட் 255, 0, பைட் என்றும், பிரேக் 255, 0, 0 என்றும், உண்மையான 255 இரண்டு 255 ஆகவும் வரும். அதைப் படித்த இடத்திலேயே பிரித்துச் சுத்தமாக்கி அனுப்புங்கள். அந்த இரட்டை 255 நெட்வொர்க்குக்குப் போகக்கூடாது.

எந்த இடத்தில் பாக்கெட்டை வெட்டுவது என்பதற்கு மூன்று வழிகள்தான்: இத்தனை பைட் சேர்ந்ததும், இவ்வளவு நேரம் மௌனம் இருந்ததும், இந்த பைட்டைக் கண்டதும்.

9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்றால் பைட்டுக்கு 10 பிட், ஆக வினாடிக்கு 960 பைட், ஒன்றுக்கு 1.04 மில்லிவினாடி. ஒவ்வொரு பைட்டையும் தனிப் பாக்கெட்டாக அனுப்பினால் ஈதர்நெட்டின் குறைந்தபட்ச ஃபிரேம் 64 பைட், முன்னால் 8, இடைவெளி 12 என்று ஒரு பைட்டுக்குக் கம்பியில் 84 பைட் நேரம் போகும். 100 மெகாபிட் இணைப்பில் அது 1 சதவீதம்கூட இல்லை, தாங்கும். 115200 பாட்டில் வினாடிக்கு 11520 பாக்கெட்; சிறிய மைக்ரோகன்ட்ரோலர்கள் அதில் திணறும். மேல்வரம்பை 1472 பைட்டுக்குள் வைத்தால் யூடிபி பாக்கெட் உடையாது. ஆனால் 9600 பாட்டில் அவ்வளவு சேர ஒன்றரை வினாடி ஆகும், ஆகவே நீளம் மட்டும் வைத்து வெட்டுவது சரிப்படாது.

மௌனத்தை வைத்து வெட்டுவது மோட்பஸுக்கு இயல்பானது. 3.5 பைட் நேர இடைவெளி செய்தியின் முடிவு என்று அதன் விதியே சொல்கிறது. பைட்டுக்கு 11 பிட் கணக்கில் 9600 பாட்டில் சுமார் 4 மில்லிவினாடி. இங்கேதான் கணினி உங்களை ஏமாற்றும். லினக்ஸின் விடைம் (VTIME) என்ற காத்திருப்பு அளவின் அலகு 0.1 வினாடி, இதற்குப் பயன்படாது. போல் (poll) என்ற சிஸ்டம் அழைப்பில் மில்லிவினாடிக் கணக்கில் காத்திருங்கள். 16550 வகை யூஆர்ட்டில் (சீரியல் போர்ட்டின் சிப்) 16 பைட் ஃபிஃபோ, அதாவது காத்திருப்பு வரிசை, இருக்கிறது, பைட்கள் குவியலாகத்தான் நிரலுக்கு வரும். யூஎஸ்பி-சீரியல் கேபிள் என்றால் இன்னும் மோசம்: அவற்றில் பரவலாக உள்ள எஃப்டிடிஐ சிப்பின் லேட்டன்சி டைமர் (சேர்ந்த பைட்களை அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) தொடக்க நிலையில் 16 மில்லிவினாடி. 4 மில்லிவினாடி மௌனத்தை அந்தக் கேபிள் வழியாகப் பார்க்கவே முடியாது. ஆகவே மௌனத்தைத் தாமதம் குறைக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செய்தியின் எல்லை எங்கே என்று அறிய நெறிமுறையையே படிப்பது நல்லது.

குறிப்பிட்ட பைட்டில் வெட்டுவது, அந்த பைட் தரவுக்குள் வரவே வராது என்று நெறிமுறை உறுதி சொன்னால் மட்டும்: ஜிபிஎஸ் கருவிகளின் என்எம்இஏ வரிகளுக்கு 10, சிஐ-விக்கு 253, கணினிக்கும் பாக்கெட் ரேடியோ மோடத்துக்கும் இடைப்பட்ட கிஸ் ஃபிரேமுக்கு 192. சீரியல்-ஈதர்நெட் பெட்டிகள் சிலவற்றில் 'டீலிமிட்டரை (எல்லை பைட்டை) நீக்கு' என்று ஒரு விருப்பம் இருக்கும். கன்ட்ரோல் பைட் தொலைகிறது என்று வருபவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் திருத்தத் தரவான ஆர்டிசிஎம் 3 போன்றவற்றில் தொடக்க பைட் 211, அது தரவுக்குள்ளும் வரலாம். அங்கே அடுத்து வரும் 10 பிட் நீளத்தைப் படித்து, கடைசி 3 பைட் சிஆர்சி (பிழை சரிபார்ப்பு எண்) சரியா என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும். பெறும் முனை பாக்கெட்டுகளை வெறுமனே ஒட்டி வெளியே விடுகிறது என்றால் எங்கே வெட்டினாலும் பைட் கெடாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் முழுச் செய்தி என்று நம்பும் பெறுநர் இருந்தால்தான் இவ்வளவு கவனமும்.

எஸ்கேப் எங்கே உண்மையில் தேவை? பைட் தொலையக்கூடிய கம்பியில், தொலைந்த பிறகும் அடுத்த செய்தியின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில். ரேடியோவுக்கும் கணினிக்கும் இடைப்பட்ட சீரியல் துண்டு அப்படிப்பட்டது. கிஸ் அங்கே செய்வது, 1988-ன் ஆர்எஃப்சி 1055-ல் இருக்கும் ஸ்லிப் (சீரியல் கம்பியில் ஐபி பாக்கெட் அனுப்பும் முறை) செய்வது இரண்டும் ஒன்றே: 192 எல்லை, தரவில் 192 வந்தால் 219, 220, தரவில் 219 வந்தால் 219, 221. இதை எழுதும்போது பலர் இரண்டு 'தேடி மாற்று' அழைப்புகளாக எழுதுகிறார்கள். தரவு 192 என்று வையுங்கள். முதலில் 192-ஐ மாற்றினால் 219, 220. பிறகு 219-ஐ மாற்றினால் 219, 221, 220. மறுமுனை அதை 219, 220 என்று பிரிக்கும். 192 திரும்பவே இல்லை. வரிசையை மாற்றி எழுதினால் இந்தப் பக்கம் சரியாகும், பிரிக்கும் பக்கத்தில் அதே சிக்கல் வேறு வடிவில் வரும். பைட் பைட்டாக ஒரே நடையில் செய்வதுதான் சரி. கிஸ்ஸில் தரவு முழுக்க 192 என்றால் நீளம் இரட்டிக்கும். அது கட்டுப்படி ஆகாது என்றால் கோப்ஸ் என்ற முறை இருக்கிறது: 0 ஒன்றைத்தான் எல்லையாக வைத்து, 254 பைட்டுக்கு அதிகபட்சம் ஒரு பைட்தான் கூடுதலாகக் கேட்கும். புதிதாக உங்கள் சொந்தச் சாதனத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் கோப்ஸையே எடுங்கள்.

வெளியே விடும் முனையையும் கவனிக்க வேண்டும். பிடிடி தரவைப் பார்த்துத் தானாக இயங்கும் மோடம் என்றால், ஒரு செய்தி இரண்டு பாக்கெட்டாக வந்து நடுவே இடைவெளி விழுந்தால் ஒலிபரப்பே பாதியில் அறுபடும். முழுச் செய்தியும் வந்து சேர்ந்த பிறகு முதல் பைட்டை வெளியே விடுங்கள். காத்திருக்கும் வரிசைக்கு ஒரு வரம்பு வையுங்கள்: நெட்வொர்க் கொட்டும் வேகத்துக்கு 960 பைட் ஈடு கொடுக்காது. வரம்பு மீறினால் முழுச் செய்தியாகத் தூக்கி எறியுங்கள், பாதிச் செய்தியை ஒருபோதும் அனுப்பாதீர்கள். அந்த போர்ட் திறந்த நெட்வொர்க்கில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம் என்பதால், தனி விலேனோ (பிரித்துவைத்த உள் நெட்வொர்க்) விபிஎன்னோ (பாதுகாக்கப்பட்ட தனி வழி) கட்டாயம்.

ரேடியோ மோடம்களுக்கே உரிய ஒன்று: ஒரு வினாடி மௌனம், மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு வினாடி மௌனம் என்றால் மோடம் கட்டளை முறைக்குப் போய்விடும் பழக்கம் பழைய ஹேய்ஸ் தொலைபேசி மோடங்களின் காலத்திலிருந்து வருகிறது. தரவில் மூன்று கூட்டல் குறி வந்து, பாக்கெட் வெட்டு அதற்கு முன்னும் பின்னும் விழுந்து, நெட்வொர்க் தாமதம் அந்த இடங்களில் மௌனமாக அமைந்தால், யாரும் கேட்காமலே மோடம் தரவு முறையை விட்டு வெளியேறும். மோடத்தில் அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

சோதனைக்கு 0 முதல் 255 வரை வரிசையாக அனுப்புவது போதாது. 13-க்குப் பின் 0, இரண்டு 255, 219-க்குப் பின் 220 என்று தவறுகள் ஜோடியில்தான் ஒளிந்திருக்கும். எல்லா ஜோடிகளும் ஒருமுறையாவது வரும் டி புருயின் வரிசையை உண்டாக்கினால் 65537 பைட் ஆகும். 9600 பாட்டில் சுமார் 68 வினாடி. இரு திசையிலும் ஒரே நேரத்தில், ஃப்ளோ கன்ட்ரோல் வேலை செய்யும் அளவுக்கு நெருக்கி ஓட்டுங்கள்; அப்போதுதான் நான் மேலே சொன்ன ஐஎக்ஸ்ஆஃப் வெளியே வரும். இரு முனையிலும் கோப்பாகச் சேமித்து பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால், தொலைந்த பைட்டின் எண், அதற்கு முந்தைய பைட், அது எந்தத் திசை என்ற மூன்றையும் எழுதுங்கள். எந்த அமைப்பு தின்றது என்பதைப் பெரும்பாலும் அதைக் கொண்டே சொல்லிவிடலாம்.